அம்மாவின் பையும் சபையின் அலுமாரியும்

எங்கள் வீடுகள் எல்லாவற்றிலும் ஒரு பை இருக்கிறது. சில வீடுகளில் அது பழைய சூட்கேஸ். சில வீடுகளில் றபர் பாண்ட் போட்ட பிளாஸ்ரிக் பைல். சில வீடுகளில் நகைக்கடைப் பை. அதற்குள் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, ஓ.எல் பெறுபேறு, குடும்ப அட்டை, எப்போதோ கட்டிய சோலைவரிப் பற்றுச்சீட்டு எல்லாம் இருக்கும். ஷெல் அடிக்கும்போது அரிசி மூட்டையை விட்டுவிட்டு ஓடியவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பையை விட்டுவிட்டு ஓடியவர்கள் குறைவு. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து நடந்தவர்களின் கையில் அது இருந்தது. முள்ளிவாய்க்காலில் தண்ணீருக்குள் இறங்கியபோதும் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தவர்கள் உண்டு. எங்கள் அம்மாக்கள் யாரும் ஆவண முகாமைத்துவம் படித்தவர்கள் இல்லை. ஆனால் எது முக்கியம், எது எங்கே இருக்கிறது, ஓடவேண்டி வந்தால் எதை முதலில் எடுக்கவேண்டும் என்ற மூன்றும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்தக் கட்டுரை அந்தப் பையின் மறுபாதியைப் பற்றியது.

உங்கள் வீட்டு உறுதியை எடுத்துப் பாருங்கள். நான்கு எல்லைகளில் ஒன்றில் 'ஒழுங்கை' என்று இருக்கலாம். அந்த ஒழுங்கை எத்தனை அடி அகலம், அது யாருடையது, எப்போது யார் பொதுப் பாவனைக்கு விட்டார்கள் என்பது பெரும்பாலும் உறுதியில் இருக்காது. அது பிரதேச சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கவேண்டும். வீட்டுப் பையை நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம். சபையின் அலுமாரியை யார் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்?

எங்கள் குழுவில் உள்ள ஒருவரின் வீட்டு ஒழுங்கைக்கு வந்த கதையைச் சொல்கிறோம். சபையின் பெயர் வேண்டாம். ஏனென்றால் நீங்கள் எந்த ஊரில் இருந்து வாசித்தாலும் உங்கள் சபை என்றுதான் நினைக்கப் போகிறீர்கள்.

ஒழுங்கையின் வாசலில் இருந்த காணி கைமாறியது. புதிதாக வாங்கியவர் வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் கட்டத் தொடங்கினார். மதில் வேலி நின்ற இடத்தில் நிற்கவில்லை, வெளியே வந்தது. ஒழுங்கைக்குள் இருந்த ஆறு வீட்டுக்காரரும் சேர்ந்து சபைக்குப் போனார்கள். ''பைல் எடுக்கவேணும், அடுத்த கிழமை வாங்கோ'' என்றார்கள். அடுத்த கிழமை போனார்கள். ''அந்த விடயம் பாத்தவ மாற்றமாகிப் போயிற்றா. புதுசா வந்தவ லீவு.'' மூன்றாம் தடவை போனபோது ஒரு தம்பி இரக்கப்பட்டு உள்ளே கூட்டிக்கொண்டுபோய் அலுமாரியைக் காட்டினார். மூன்று தட்டு நிறையக் கயிறு கட்டிய பைல்கள். வெளியே எதுவும் எழுதப்படவில்லை. ''இதுக்குள்ள இருந்தா இருக்கும் அண்ணா. ஆனா எப்பிடித் தேடுறது?''

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்டோம். பதில் ஒழுங்காக வந்தது. கடிதத் தலைப்பு, இலக்கம், கையொப்பம் எல்லாம் சரி. ஒரே ஒரு வசனம்: குறித்த தகவல் எமது அலுவலகத்தில் பேணப்படவில்லை.

அதற்குள் மதில் எழும்பி, பூச்சும் முடிந்துவிட்டது. இப்போது அந்த ஒழுங்கைக்குள் ஓட்டோ போகாது. கடைசி வீட்டு அம்மம்மாவுக்கு கிளினிக் நாள் வந்தால், பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து சந்தியில் ஏற்றுகிறார்கள்.

ஒரு பைலைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதன் விலை இதுதான்.

சபையில் என்னதான் இருக்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. செயலகம் மத்திய அரசின் நிருவாகக் கிளை. சபை நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்வது. எங்கள் நண்பர்களில் பாதிப் பேருக்கு இந்த வேறுபாடு தெரியாது. அவர்களைக் குறை சொல்லவில்லை. வாழ்க்கையில் முதன்முறை வீடு கட்டும்போதுதான் பலருக்கும் சபை என்று ஒன்று இருப்பது ஞாபகம் வருகிறது.

ஆனால் நாங்கள் பிறந்த நாளிலிருந்து சபை எங்களைச் சுற்றி எழுதிக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்குச் சோலைவரி மதிப்பீடு. கட்டிட வரைபட அனுமதி. காணி விற்கப் போனால் வீதி எல்லைச் சான்றிதழ். கடை திறந்தால் வியாபார அனுமதிப்பத்திரம். சந்தைக் குத்தகை யாருக்கு, எவ்வளவுக்கு. எந்த வீதி சபைக்குரியது, எப்போது தார் போட்டது, எந்த ஒப்பந்தகாரர், எவ்வளவு செலவு. மயானத்தில் யார், எந்த நாளில். ஊர்ச் சனசமூக நிலையத்தின் பதிவு. மாதாமாதம் கூடிய சபை என்ன தீர்மானித்தது, யார் ஆதரித்தார்கள், யார் எதிர்த்தார்கள்.

வடக்கில் மட்டும் 34 உள்ளூராட்சி மன்றங்கள். நாடு முழுவதும் 341. ஒவ்வொன்றுக்குள்ளும் இப்படி அரை நூற்றாண்டுக் கடதாசி இருக்கிறது, அல்லது இருந்திருக்க வேண்டும். வரலாறு என்றால் ராசாக்களின் கதை என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் ஊருக்கு முதல் குழாய்த் தண்ணீர் எப்போது வந்தது, எந்தக் குளம் எப்போது தூர்ந்து கடைத்தொகுதியானது, எந்தக் குடியிருப்புக்கு மட்டும் வருசக்கணக்காக வீதி போடப்படாமல் இருந்தது என்ற வரலாறு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அது சபையின் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் இருக்கிறது. சாதியால் ஒதுக்கப்பட்ட ஒரு குறிச்சிக்கு எத்தனை வரவுசெலவுத்திட்டங்களில் ஒரு சதமும் ஒதுக்கப்படவில்லை என்று யாராவது நிரூபிக்க நினைத்தால், சாட்சி அந்தப் புத்தகம்தான்.

''எல்லாம் சண்டையில போச்சு''

சபைகளில் பழைய பதிவுகளைக் கேட்டால் அடிக்கடி வரும் பதில் இது. இதில் பெரிய உண்மை இருக்கிறது. முதலில் அதற்குரிய மரியாதையைக் கொடுக்கவேண்டும்.

1981 மே 31 இரவிலும் ஜூன் 1 அதிகாலையிலும் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் மாநகர சபையின் சொத்து. கிட்டத்தட்ட 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. பிறகு யாழ்ப்பாண மாநகர மண்டபமும் யுத்தத்தில் அழிந்து, மாநகர சபை பல வருசங்களாக நல்லூரில் இருந்து இயங்கியது. வன்னியில் 2008–2009 இல் அலுவலகங்கள் சனத்தோடு சேர்ந்து இடம்பெயர்ந்தன. மரத்தடியிலும் தறப்பாளிலும் அலுவலகம் நடத்தி, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு திரிந்த உத்தியோகத்தர்கள் இருந்தார்கள். சம்பளத்துக்காக மட்டும் ஒருவர் அப்படிச் செய்யமாட்டார்.

யுத்தம் வருவதற்கு முன்னரே ஒரு குழப்பமும் நடந்திருந்தது. பழைய கிராம சபைகளும் பட்டின சபைகளும் 1980 களின் தொடக்கத்தில் கலைந்தன, மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. அவை போய், 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தோடு பிரதேச சபைகள் வந்தன. ஒவ்வொரு முறையும் பலகை மாறியது. பலகையோடு பைல்களும் வீடு மாறின. வீடு மாறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பெட்டி எப்படியோ காணாமல் போய்விடும்.

இதெல்லாம் சரி. ஆனால் 2009 மே முடிந்து ஒரு பிள்ளை பிறந்து ஓ.எல் எழுதும் வயதுக்கு வந்துவிட்டது. 2012 இல் போட்ட வீதியின் பைல் எந்த ஷெல்லில் எரிந்தது? 2016 இல் கொடுத்த கட்டிட அனுமதி எந்த இடப்பெயர்வில் தவறியது? யுத்தத்துக்குப் பிறகு தொலைந்த பதிவுகளைத் தின்றது கறையான், மழை ஒழுக்கு, இடமாற்றம், திறப்பு இல்லாத அலுமாரி, பிறகு எங்கள் எல்லாருடைய அசட்டை.

ஒவ்வொரு வருசமும் ஜூன் 1 இல் நாங்கள் நூலகப் படத்தை பேஸ்புக்கில் போடுகிறோம். போடத்தான் வேண்டும். ஆனால் அதே நாளில் அதே ஊரில் ஒரு சபையின் பின்கட்டில், மலசலகூடத்துக்குப் பக்கத்து அறையில், ஈரம் ஊறிய பதிவேடுகள் கூழாகிக்கொண்டிருக்கலாம். அதை யாரும் எரிக்கவில்லை. யாரும் எரிக்காததால் யாரும் அழுவதும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அலுவலகங்களில் '5எஸ்' என்று ஒரு ஒழுங்குமுறை வந்தது. நல்ல முறைதான். மேசைகள் சுத்தமாயின, றாக்கைகளில் லேபல் ஒட்டப்பட்டது. ஆனால் அதன் முதல் படி தேவையற்றதை அகற்றுவது. எது தேவையற்றது என்று தீர்மானிப்பவர் யார்? போட்டிக்கு நடுவர்கள் வரும் கிழமையில், பழசாகத் தெரிவதெல்லாம் தேவையற்றதாகத்தான் தெரியும். 1950 களின் மதிப்பீட்டுப் பதிவேடும் போன வருசத்துக் கல்யாணக் காட்டும் ஒரே சாக்குக்குள் போகிற ஆபத்து அங்கே இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆச்சரியமாக இருக்கலாம். இந்த விசயத்தில் எங்கள் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. பொது ஆவணங்களை நினைத்தபடி அழிக்காமல் காப்பதற்கென்று 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டம் இருக்கிறது. அதைவிட எங்களுக்குக் கைக்கெட்டியது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். எல்லாரும் இந்தச் சட்டத்தைத் தகவல் கேட்கும் சட்டம் என்று மட்டும் நினைக்கிறோம். அதன் 7 ஆம் பிரிவை வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு பகிரங்க அதிகாரசபையும் தன் பதிவுகளை அட்டவணைப்படுத்தி, சுட்டி இட்டு வைத்திருக்கவேண்டும் என்கிறது. உள்ளூராட்சி மன்றங்களும் இதற்குள் அடக்கம். சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஏற்கெனவே இருந்த பதிவுகளை ஆகக் குறைந்தது 10 வருசமும், அதற்குப் பின்னர் உருவாகும் பதிவுகளை உருவான நாளிலிருந்து ஆகக் குறைந்தது 12 வருசமும் பாதுகாக்கவேண்டும் என்கிறது.

சட்டத்தின் கீழ் மக்கள் விண்ணப்பிக்கத் தொடங்கியது 2017 பெப்ரவரியில். 10 வருசத்தைக் கூட்டிப் பாருங்கோ. 2027 பெப்ரவரி.

எங்களுக்குப் பயமாக இருப்பது இதுதான். 'ஆகக் குறைந்தது' என்ற சொல்லை மறந்துவிட்டு, 'பத்து வருசம் முடிஞ்சுது, இனி எறியலாம்' என்று யாராவது விளங்கிக்கொண்டால், யுத்தம் விட்டுவைத்த கொஞ்சத்தையும் ஒரு சிரமதானத்தில் முடித்துவிடலாம். அந்தப் பத்து வருசம் கடைசி எல்லை இல்லை, ஆகக் குறைந்த எல்லை. சுவடிகள் சட்டமும் அதற்குப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. இதை உங்கள் சபை உறுப்பினருக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

வேண்டுமென்றே தகவலை அழிப்பதும் மாற்றுவதும் மறைப்பதும் இதே சட்டத்தின் கீழ் குற்றம். 50,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டு வருசம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் கறையானுக்கு வழக்குப் போட முடியாது. ''பேணப்படவில்லை'' என்ற ஒரு சொல்லுக்குள் அலட்சியமும் களவும் ஒரே உடுப்பில் நிற்கின்றன. எது எது என்று வெளியில் இருக்கிற எங்களால் பிரித்துப் பார்க்க முடியாது. பதிவுகள் ஒழுங்காக இல்லாத அலுவலகம் நேர்மையான உத்தியோகத்தரையும் பாதுகாக்காது. அவர் செய்த சரியான வேலைக்கும் அங்கே சாட்சி இல்லை.

ஸ்கான் பண்ணினால் சரிதானே?

இந்தத் தலைப்பை வட்ஸ்அப் குழுவில் போட்டவுடன் முதலில் வந்த பதில்: ''மச்சான், எல்லாத்தையும் ஸ்கான் பண்ணி கிளவுட்டில போட்டா முடிஞ்சுதே!''

முடியாது. 2023 இல் அரசின் மேகக்கணினி மீது கப்பம் கேட்கும் வைரஸ் தாக்குதல் நடந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போயின. பாதிக்கப்பட்டவை கிட்டத்தட்ட 5,000 கணக்குகள். அந்தக் காலத்துக்கு வேறாக எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை. கொழும்பில் அரசின் நடுமையத்துக்கே இந்த நிலை. எங்கள் சபையில் ஒரு கொம்பியூட்டரின் டி ட்ரைவுக்குள் மட்டும் இருக்கும் வீதிப் பதிவேட்டுக்கு ஒரு இடி மின்னல் போதும்.

தமிழுக்கென்று தனிக் கரைச்சலும் இருக்கிறது. எங்கள் அலுவலகங்களில் வருசக்கணக்காக பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தார்கள். திரையில் அது தமிழாகத் தெரியும். கொம்பியூட்டருக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல். 'சோலைவரி' என்று யுனிகோட்டில் தேடினால் ஒரு கடிதமும் வராது. பைல் இருக்கும், ஆனால் இல்லாததற்குச் சமன். அதற்கு முந்திய பதிவேடுகள் ஆங்கிலத்தில். அங்கே கந்தையா 'சீ' எழுத்தில் தொடங்குவார். புதிய பதிவேட்டில் அதே கந்தையா 'கே' எழுத்தில் தொடங்குவார். சோலைவரி இலக்கமும் இடையில் மாறியிருக்கும். உறுதியில் பரப்பும் குழியும் இருக்கும், வரைபடத்தில் பேர்ச்சஸ் இருக்கும். பதினெட்டுக் குழி ஒரு பரப்பு என்று தெரியாத ஒருவர் இதை எக்செல்லில் ஏற்றினால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

அதனால்தான் நாங்கள் சொல்கிறோம், முதலில் பட்டியல், பிறகுதான் ஸ்கானர். எது எங்கே இருக்கிறது என்று தெரியாத அலுமாரியை எண்ணிமப்படுத்தினால், எது எங்கே என்று தெரியாத ஆயிரம் பிடிஎப் கிடைக்கும், அவ்வளவுதான். 2005 இலிருந்து ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் தளத்தைப் பாருங்கள். அதன் பலம் ஸ்கான் செய்த பக்கங்களில் மட்டும் இல்லை. ஆசிரியர், ஆண்டு, வகை என்று ஒவ்வொன்றுக்கும் யாரோ பொறுமையாக இருந்து எழுதிய விபரத்தில் இருக்கிறது. தன்னார்வமாகச் சேர்ந்தவர்கள் செய்துகாட்டிய ஒன்றை, வரி வாங்கும் சபைகள் செய்யமுடியாது என்று சொல்வதை எங்களால் ஏற்கமுடியவில்லை.

பதிவு என்றால் பயம்

ஒரு எதிர்வாதத்தை நாங்கள் நேர்மையாகச் சந்திக்கவேண்டும். எங்கள் குழுவுக்குள்ளேயே இது வந்தது. ''எங்கட சனத்துக்கு லிஸ்ட் எண்டாலே பயம். நல்லா பதிவு வச்சிருக்கிற அரசாங்கம் நல்ல அரசாங்கம் எண்டு யார் சொன்னது?''

உண்மை. 1983 ஜூலையில் கொழும்பில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழரின் வீடுகளைத் தேடின. வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று படிவம் நிரப்பிக் கொடுத்த வருசங்களை எங்கள் பெற்றோர் மறக்கவில்லை. பதிவு எங்களைக் காப்பாற்றியதைவிட காட்டிக்கொடுத்தது அதிகம் என்று ஒரு அம்மா சொன்னால் நாங்கள் வாதாடப் போவதில்லை.

ஆனால் இரண்டு விதமான பதிவு இருக்கிறது. ஒன்று, அதிகாரம் எங்களைப் பற்றி எழுதி வைப்பது. மற்றது, அதிகாரம் தான் செய்ததைப் பற்றி எழுதி வைப்பது. முதலாவது குறைவாகவும் பூட்டியும் இருக்கவேண்டும். இரண்டாவது முழுமையாகவும் திறந்தும் இருக்கவேண்டும். இப்போது நடப்பது தலைகீழ். எங்கள் அடையாள அட்டை இலக்கத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிய பதிவேடு முன் மேசையில் யாரும் புரட்டும்படி கிடக்கிறது. சபைத் தீர்மானம் எழுதிய புத்தகம் பூட்டிய அறைக்குள் இருக்கிறது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. நல்ல பதிவு முகாமைத்துவம் என்பது எதைப் பூட்டுவது, எதைத் திறப்பது என்று தெளிவாகத் தெரிந்திருப்பதும்தான்.

2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6 இல்தான் நடந்தது. இடையில் இரண்டு வருசத்துக்கு மேல் நாங்கள் தெரிவு செய்த ஒருவரும் சபையில் இல்லை. முடிவுகளை உத்தியோகத்தர்கள் எடுத்தார்கள். அந்த இரண்டு வருசத்தில் எந்தக் காணி, எந்தக் குத்தகை, எந்த அனுமதி? புதிதாக வந்த உறுப்பினர்களுக்குக்கூட இதற்கு விடை சொல்லக்கூடியது பைல் மட்டும்தான். ஆட்கள் இல்லாத காலத்தில் சபையாக இருந்தது அதன் பதிவுகள்தான்.

சரி, என்ன செய்யலாம்?

''ஆள் இல்லை, காசு இல்லை, முதலில் வடிகானும் குப்பையும்'' என்பார்கள். ஆள் பற்றாக்குறை உண்மை. ஒரே ஒரு முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் நான்கு பேரின் வேலையைப் பார்க்கிறதை நாங்களே கண்டிருக்கிறோம். ஆனால் வடிகான் எந்தக் காணிக்குள்ளால் போகவேண்டும் என்ற சண்டை பைல் இல்லாமல் தீராது. சோலைவரி நிலுவையும் பழைய பதிவேடு இல்லாமல் அறவாகாது. பதிவு இல்லாததால் போகும் காசு பதிவுக்குச் செலவாகும் காசைவிடக் கூட என்பது எங்கள் கருத்து.

பெரிய திட்டம் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து விசயம் கேட்கிறோம்.

ஒன்று, பட்டியல். ஒவ்வொரு சபையும் தன்னிடம் இருக்கும் பதிவேடுகளையும் கோப்புத் தொடர்களையும் ஒரு தரம் எண்ணிப் பட்டியல் போடட்டும். என்ன பதிவேடு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த அறை, எந்தத் தட்டு. இவ்வளவும் போதும். தொலைந்தவற்றையும் தொலைந்தவை என்றே எழுதட்டும். அது வெட்கப்படவேண்டிய விசயம் இல்லை, அதுவும் ஒரு பதிவு.

இரண்டு, தரம் பிரித்தல். எல்லாவற்றையும் என்றென்றும் வைத்திருக்க முடியாது, வைத்திருக்கவும் தேவையில்லை. கூட்ட அறிக்கை, வீதிப் பதிவேடு, மதிப்பீட்டுப் பதிவேடு, கட்டிட வரைபடம், மயானப் பதிவு என்பன அழிக்கக்கூடாதவை. கணக்காய்வு முடிந்த பற்றுச்சீட்டு அடிக்கட்டைகளுக்கு ஒரு கால எல்லை வைக்கலாம். ஆனால் அந்தக் கால எல்லை எழுத்தில் இருக்கவேண்டும். எறிவதை எறிகிற ஆள் தனியாகத் தீர்மானிக்கக்கூடாது. எறிந்ததற்கும் ஒரு கையொப்பமிட்ட பட்டியல் இருக்கவேண்டும்.

மூன்று, கையளிப்பு. இடமாற்றம் கிடைத்தவர் கதிரையை விட்டு எழும்ப முதல், தன்னிடம் இருந்த கோப்புகளின் பட்டியலில் வருபவரோடு சேர்ந்து கையொப்பம் வைக்கட்டும். ''அவ மாற்றமாகிப் போயிற்றா'' என்ற பதில் இந்த ஒன்றோடு பாதி குறையும். ஒரு ஆளின் ஞாபகத்துக்குள் அலுவலகம் இருக்கக்கூடாது.

நான்கு, அறை. ஒழுக்கில்லாத கூரை, நிலத்திலிருந்து அரை அடி உயர்ந்த இரும்பு றாக்கை, காற்றோட்டம். தண்ணீர்க் குழாய்க்கும் மலசலகூடத்துக்கும் தூரம். கிழிந்த பக்கத்துக்கு செலோரேப் ஒட்டவேண்டாம், அது சில வருசத்தில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்து உரிக்கும். பழைய தாளை லமினேற் பண்ணவேண்டாம், பிறகு அதைப் பிரிக்கவே முடியாது.

ஐந்து, வெளிப்படுத்தல். கூட்ட அறிக்கையையும் வீதிப் பட்டியலையும் சபையின் இணையத்திலும் ஊர் நூலகத்திலும் வையுங்கள். யுனிகோட்டில் வையுங்கள். எண்ணிமப் பிரதியை மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். நூலகம் எரிந்த மண்ணில் இருந்துகொண்டு ஒரே ஒரு பிரதி வைத்திருப்பது மன்னிக்கக்கூடிய பிழை இல்லை.

இதில் எங்களுக்கும் வேலை இருக்கிறது. ஏ.எல் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகம் போகும்வரை சும்மா இருக்கும் மாதங்கள் எங்கள் எல்லாருக்கும் தெரியும். சபை சம்மதித்தால், ஒரு உத்தியோகத்தரின் மேற்பார்வையில் பட்டியல் போடப் பத்துப் பேர் வரத் தயார். தாத்தாவின் ஆங்கிலக் கையெழுத்தை வாசிக்க ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருகிறோம். இந்தக் கட்டுரையை எழுதி முடித்த கையோடு எங்கள் சபைக்கு ஒரு தகவல் விண்ணப்பம் அனுப்புகிறோம். கேள்வி ஒன்றுதான்: 7 ஆம் பிரிவு சொல்லும் அட்டவணை உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் ஒரு பிரதி தாருங்கள். பதில் தர 14 வேலை நாட்கள் இருக்கின்றன. நீங்களும் உங்கள் சபைக்கு இதே கேள்வியை அனுப்புங்கள். 'பேணப்படவில்லை' என்று வந்தால் அந்தக் கடிதத்தையும் எறியாமல் வையுங்கள். இந்த வருசத்தில் அந்தச் சபை என்ன நிலையில் இருந்தது என்பதற்கு அதுவும் ஒரு ஆவணம்.

அந்த ஒழுங்கைக்காரர் இப்போது வழக்குப் போடலாமா என்று யோசிக்கிறார்கள். சட்டத்தரணி கேட்ட முதல் கேள்வி, ''ஒழுங்கைக்கு ஏதும் ஆதாரம் இருக்கோ?'' கடைசி வீட்டு அம்மம்மா உள்ளே போய்த் தன் பையைக் கொண்டுவந்தார். எழுபதுகளில் கட்டிய ஒரு வரிப் பற்றுச்சீட்டு, மடிப்பில் கிழிந்திருந்தது. அதில் ஒழுங்கையின் பெயர் இருக்கிறது, அகலம் இல்லை. மூன்று இடப்பெயர்வைக் கடந்து அதை அவர் வைத்திருந்தார். தன் பக்கத்துக்குரியதை அவர் செய்துவிட்டார்.